எஞ்சின் காதுக்காரன்

வளனை எனக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும். அவனிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே கையைத் தூக்கி, "ஒரு நிமிஷம் அண்ணாச்சி" என்று என் வாயை அடைத்துவிட்டு, எங்கோ கேட்கிற சத்தத்துக்குக் காதைக் கொடுப்பான். கடைக்கு வெளியே ஒரு ஆட்டோ போயிருக்கும். "பேரிங் போச்சு. ஒரு வாரம் தாங்காது" என்பான். பிறகு, "ம், சொல்லுங்க" என்பான். நான் சொல்ல வந்தது அதற்குள் எனக்கே மறந்து போயிருக்கும்.

தூத்துக்குடி மில்லர்புரத்தில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் செந்தூர்பாண்டி. முன்கோபி என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கணினியைக் கொண்டுவருபவர்கள் பாதிப் பேர் அதைக் கெடுத்துவிட்டுத்தான் கொண்டுவருகிறார்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

வளன் கீழவைப்பாரில் பிறந்தவன். பதினாறு வயதில் விசைப்படகில் எஞ்சின் துடைக்கப் போனான். இப்போது வயது நாற்பத்து நான்கு. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு படகுக்கு டிரைவர். காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு இரவு ஒன்பதுக்குள் கரை திரும்ப வேண்டும் என்பது இங்கே சட்டம். அந்தப் பதினாறு மணி நேரமும் எஞ்சின் சத்தத்துக்குள்ளேயே இருப்பவன். முன்னால் யார் பேசினாலும் அவன் காதில் பாதி அதில்தான் இருக்கும். துறைமுகத்தில் அவனுக்கு 'எஞ்சின் காது' என்று பட்டப்பெயர். நல்ல பெயராகத்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காதின் மேல் அவனுக்கு நம்பிக்கை வந்ததற்குக் காரணம் இருக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மணப்பாட்டுக்கு நேரே கடலில் நிற்கும்போது எஞ்சின் திடீரென்று ரேஸ் எடுத்திருக்கிறது. லோடு இல்லாமல் தானாகவே வேகம் ஏறி அலறுவது அது. டீசலை அடைத்தும் நிற்கவில்லை. இன்னும் அரை நிமிஷம் விட்டால் எஞ்சின் வெடித்துச் சிதறும். மற்றவர்கள் என்ன சத்தம் என்று எட்டிப் பார்ப்பதற்குள் வளன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்துச் சுருட்டி, எஞ்சின் காற்றை இழுக்கிற வாயில் திணித்து, மூச்சு முட்டவைத்து நிறுத்திவிட்டான். படகில் ஆறு பேர் இருந்தார்கள். வலது முழங்கைக்குக் கீழே அவனுக்கு ஒரு தீக்காயத் தழும்பு உண்டு. "யோசிச்சிருந்தா செத்திருப்போம் அண்ணாச்சி, கை தானாப் போச்சு" என்பான்.

அந்தக் கைதான் இந்தக் கதையில் வினையாகப் போனது.

அவன் மனைவி மரியசெல்வி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்த்தவள். நான்கு வருஷத்துக்கு முன்னால் முதுகெலும்பில் ஆபரேஷன் ஆனது. அதற்குப் பிறகு பஸ்ஸில் போகக்கூடாது, ஒரு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் உட்காரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வருஷம் சும்மா கிடந்தாள். அந்த ஒரு வருஷத்தைப் பற்றி வளன் அதிகம் பேசமாட்டான். "வீட்டுல சத்தமே இல்ல அண்ணாச்சி" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். சத்தத்திலேயே வாழ்கிறவன் அப்படிச் சொன்னால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

பிறகு சென்னைக் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை கிடைத்தது. கன்டெய்னர்களுக்கான காகிதங்களைப் பார்த்து, விவரங்களைச் சரிபார்த்துக் கணினியில் ஏற்ற வேண்டும். ஒரு மணி நேரம் உட்கார்வாள், கால் மணி நேரம் படுப்பாள், மறுபடி உட்கார்வாள். கணினி பழையது, என் கடையில் வாங்கியதுதான். தப்பில்லாமல் வேலை செய்வதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று கம்பெனியில் பெயர் எடுத்திருந்தாள். காலை ஒன்பது மணிக்குத் தலைவாரி, நல்ல புடவை கட்டி, வீட்டுக்குள்ளேயே நாலு எட்டு நடந்து வேலைக்குப் போவாள். யாரும் பார்க்கப் போவதில்லை. இருந்தாலும் கட்டுவாள். அந்த வேலை அவளைத் தூக்கி நிறுத்தியது என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த வருஷம், விசைப்படகுகள் இரண்டு மாதம் கரையில் நிற்கிற மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்தபோது கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. பழைய விண்டோஸுக்கு ஆதரவு நிற்கப் போகிறது, ஜூன் பதின்மூன்று வெள்ளிக்கிழமைக்குள் எல்லாரும் புதியதற்கு மாற வேண்டும், கணினியில் டி.பி.எம். என்கிற பாதுகாப்பு வசதி இயங்க வேண்டும், சோதனையில் தேறாத கணினிக்கு அன்று மாலையோடு வழி அடைக்கப்படும். வேறு கணினி வாங்கிப் பதிவு செய்தால் ஒப்புதல் வர மூன்று வாரம் ஆகும். ஒப்பந்த ஆட்களுக்கு மூன்று வாரம் யார் காத்திருப்பார்கள்? அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவார்.

வளன் கணினிப் பெட்டியை ஒரு போர்வையில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தான்.

"அண்ணாச்சி, இதுக்கு பயாஸ் அப்டேட் பண்ணணுமாம். யூடியூப்ல பாத்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. இந்த யூடியூப் வைத்தியர்களால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பயாஸ் என்பது கணினியின் தாய்ப்பலகையில் ஒரு சின்னச் சில்லுக்குள் இருக்கிற நிரல். பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது அதுதான். விண்டோஸ் எல்லாம் அதற்குப் பிறகு. விண்டோஸ் கெட்டால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். பயாஸை மாற்றி எழுதும்போது பாதியில் நின்றுவிட்டால், கணினிக்கு எப்படி விழிப்பது என்றே தெரியாமல் போய்விடும். அதனால் சும்மா இருக்கிற பயாஸைச் சொறியக்கூடாது என்பது என் கட்சி. புதுசு வந்திருக்கிறது என்பது ஒரு காரணமே இல்லை.

வளன் அதை ஏற்கவில்லை.

"தடைக்காலத்துல ஓடுற எஞ்சினத்தான் அண்ணாச்சி பிரிக்கோம். நல்லாத்தான் ஓடுது, எதுக்குன்னு விட்டா நடுக்கடல்ல நிப்போம்லா."

"ஏலே, எஞ்சினப் பிரிச்சா திரும்ப மாட்டலாம். ஒரு நட்டு போனா வேற நட்டு வாங்கலாம். இதுல பாதி எழுதினது முழுசும் போன மாதிரி."

"அப்பம் செல்வி வேலைய விட்டுரச் சொல்லுதீயளா?"

முதலில், பயாஸைத் தொடாமலேயே காரியம் ஆகுமா என்று பார்த்தேன். பல கணினிகளில் டி.பி.எம். ஏற்கெனவே இருக்கும், அணைத்து வைத்திருப்பார்கள், உள்ளே போய் இயக்கினால் போதும். இதில் தேடு தேடென்று தேடியும் அந்த வசதியே இல்லை. தயாரித்தவர்களின் இணையதளத்தில் ஒவ்வொரு பயாஸ் பதிப்புக்கும் என்ன மாற்றினார்கள் என்று எழுதியிருப்பார்கள். அதை வரி வரியாகப் படித்தேன். மூன்றாவது பதிப்பில்தான் இந்த வசதியைச் சேர்த்திருந்தார்கள். இவளுடைய கணினியில் இருந்தது முதல் பதிப்பு. ஆக, காரணம் உண்டு. எனக்குப் பிடிக்காவிட்டாலும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

மாற்றுவதென்று முடிவான பிறகு நான் அவசரப்படுகிற ஆள் இல்லை. ஒரே பெயரில் வந்த பலகையிலேயே முதல் வார்ப்பு, இரண்டாம் வார்ப்பு என்று இருக்கும். ஒன்றுக்கு உரிய கோப்பை மற்றொன்றில் போட்டால் தீர்ந்தது. அந்த எண் பலகையின் மூலையில் அச்சாகியிருக்கும். பெட்டியைத் திறந்து பார்த்தால் பலகை முழுக்க மஞ்சள் பூத்த வார்னிஷ்.

"இது யாரு வேல?"

"நாந்தான் அண்ணாச்சி. போட்டுல மீன் பாக்குற கருவிக்கு உப்புக்காத்து ஏறாம இருக்க வார்னிஷ் அடிப்போம்லா. அதான் இதுக்கும் ஒரு கோட்டு."

"இதென்ன கடலுக்கா போவுது?"

பஞ்சில் தின்னர் தொட்டு, மூலையைத் துடைத்துத் துடைத்து எண்ணைப் படித்தேன். அதற்கு உரிய கோப்பைத் தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே இறக்கி, புதிய பென்டிரைவ் ஒன்றில் வைத்தேன். செல்வியின் கோப்புகளை எல்லாம் வேறு வட்டில் நகல் எடுத்தேன். வட்டுக்குப் பூட்டு ஏதும் போட்டிருக்கிறதா, பயாஸ் மாறினால் சாவி கேட்குமா என்று பார்த்தேன். பூட்டு இல்லை.

மிச்சம் இருந்தது மின்சாரம். அவர்கள் வீட்டு யூ.பி.எஸ். பேட்டரி உப்பிப்போய்க் கிடந்தது. புதிய பேட்டரி புதன்கிழமைதான் வரும். செவ்வாய்க்கிழமை எங்கள் பகுதிக்கு மாதாந்திர மின்தடை வேறு. செல்விக்கு அதுவரை வேலை நிற்கக்கூடாது என்பதால் கணினியை வீட்டுக்கே திருப்பி எடுத்துப்போகச் சொன்னேன்.

"வியாழக்கிழமை காலைல நானே வீட்டுக்கு வாரேன். இந்தப் பென்டிரைவ பத்திரமா வச்சுக்க. ஒண்ணுமில்ல, மூணு நிமிஷ வேல" என்றேன்.

மூன்று நிமிஷம் என்று அளந்தேன் பாருங்கள், என் வாய்க்கு அன்றைக்குப் பூட்டு இல்லாமல் போயிற்று.

புதன்கிழமை காலை பேட்டரி வந்ததும் வளனே வாங்கிக்கொண்டு போய் மாட்டினான். சரியாகத்தான் மாட்டினான். செல்வி அந்தோணியார் நவநாளுக்குக் கோவிலுக்குப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமை திருநாள். வீட்டில் வளன் மட்டும். தடைக்காலம் முடிய மூன்று நாள்தான் இருந்தது. படகில் எல்லா வேலையும் முடிந்துவிட்டது, கை சும்மா இருக்கிறது. பென்டிரைவ் மேசையில் இருக்கிறது. மூன்று நிமிஷ வேலை. அவள் திரும்பி வருவதற்குள் முடித்துவைத்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருக்கிறான். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது.

கடையில் பேச்சுவாக்கில் நான் அவனிடம் சொல்லியிருந்த வழியிலேயே ஒவ்வொன்றாகச் செய்திருக்கிறான். பயாஸுக்குள் போனான். கோப்பைத் தேர்ந்தெடுத்தான். எண்ணை இரண்டு தடவை ஒப்பிட்டான். திரையில் கோடு மெல்ல நிரம்பியது. நிரம்பியதும் கணினி தானாக அணைந்து மறுபடி எழுந்தது. திரை கறுத்தது. உள்ளே இருக்கிற விசிறிகள் எல்லாம் ஒரே மூச்சில் உச்ச வேகத்துக்கு ஏறி அலறின.

அந்த நேரத்தில் அப்படித்தான் ஆகும். எழுதுகிற வேலை உள்ளே இன்னும் நடந்துகொண்டிருக்கும். விசிறியைக் கட்டுப்படுத்துகிற நிரலையே மாற்றி எழுதுவதால், கட்டுப்படுத்த ஆள் இல்லாமல் அது முழு வேகத்தில் சுற்றும். நூறு தடவை கேட்ட சத்தம். கேட்டுக் கேட்டு எனக்கு அது சத்தமாகவே படுவதில்லை. அதனால் அதை வளனிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வளன் காதில் விழுந்தது வேறு. லோடு இல்லாமல் எஞ்சின் ரேஸ் எடுக்கிறது. இன்னும் அரை நிமிஷத்தில் வெடிக்கும். கை தானாகப் போயிற்று. கணினிக்குப் பின்பக்கம் இருக்கிற சுவிட்சைத் தட்டிவிட்டான். மின்சாரம் போய்விடக் கூடாதே என்று புது பேட்டரி வரை வாங்கிப்போட்டோம். மின்சாரம் எங்களை ஏமாற்றவில்லை.

மறுபடி பட்டனை அழுத்தினான். கறுப்புத் திரை. இன்னொரு தடவை. கறுப்புத் திரைதான்.

பதினொரு மணிக்கு அதே போர்வையில் சுற்றிய பெட்டியோடு கடை வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

"தொட்டியா?"

"ரேஸ் எடுத்துட்டு அண்ணாச்சி. அமத்திட்டேன்."

நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. எதிர்க்கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து பார்த்தார். படித்துப் படித்துச் சொன்னேனே, வியாழக்கிழமை வருகிறேன் என்றேனே, உனக்கென்ன கை அரிப்பா என்று கத்தினேன். வளன் தழும்பு உள்ள கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றான். கத்திக் களைத்தபோதுதான் எனக்கே வெட்கமாக இருந்தது. பென்டிரைவை அவன் கையில் கொடுத்தது நான்தானே.

பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பலகையைத் தேடினேன். சில பலகைகளில் பயாஸ் சில்லு இரண்டு இருக்கும். ஒன்று கெட்டால் மற்றொன்று கைகொடுக்கட்டும் என்று வைப்பது. விலை குறைந்த பலகையில் அதை எதிர்பார்க்க முடியாது. வார்னிஷுக்கு அடியில் மங்கலாக இரண்டு சின்னச் சில்லுகள் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. எனக்கு உயிர் வந்தது.

வயரைப் பிடுங்கி, பத்து நிமிஷம் அப்படியே விட்டு, மறுபடி கொடுத்தேன். இரண்டு தடவை எழுந்து எழுந்து அணைந்தது. மூன்றாவது தடவை திரையில் எழுத்து வந்தது. இரண்டாவது சில்லிலிருந்து பழைய பயாஸை எடுத்து முதல் சில்லில் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னது. நானும் வளனும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அரை மணி நேரத்தில் கணினி பழையபடி விண்டோஸைக் காட்டியது.

பழையபடி என்றால், முதல் பதிப்பு. எங்கே தொடங்கினோமோ அங்கேயே வந்து நின்றோம். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்.

அப்போது மரியசெல்வி வந்தாள். கோவிலிலிருந்து வீட்டுக்குப் போய், மேசை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு நேரே கடைக்கு நடந்து வந்திருக்கிறாள். இடுப்பில் பெல்ட். அவ்வளவு தூரம் அவள் நடப்பதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை, சுவரில் சாய்ந்து நின்றாள். நடந்ததை நான்தான் சொன்னேன். வளன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். என்னைத்தான் கேள்வி கேட்டாள்.

"மொத்தம் எத்தன நிமிஷம் ஆகும் அண்ணாச்சி?"

"மூணு. சில சமயம் அஞ்சு."

"திரை கறுக்குமா?"

"கறுக்கும்."

"சத்தம் வரும், அப்படித்தான?"

"வரும்."

"அமத்துனா போச்சு."

"ஆமா தங்கச்சி."

"இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

நான் வளனிடம் சொன்னேன் என்று வாயெடுத்தேன். எடுத்த வாய் அப்படியே நின்றது. ஒரு வாரமாக நானும் வளனும் அந்தக் கணினியைப் பற்றிப் பேசியிருக்கிறோம், சண்டை போட்டிருக்கிறோம், எஞ்சினோடு ஒப்பிட்டிருக்கிறோம். அதில் வேலை செய்கிறவள் அவள். அவளிடம் நான் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

அவள் வளன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க அமத்துனதுக்கு எனக்குக் கோவம் இல்ல. கடல்ல பழகுன கை, அங்கனதான் போவும். எங்கிட்டக் கேக்காமப் போட்டீங்க பாத்தீங்களா, அதுதான். உங்க எஞ்சின் ரூம்ல நான் என்னைக்காவது கை வச்சிருக்கேனா?"

வளன் இல்லை என்று தலையாட்டினான்.

"நாளைக்கு நானே போடுதேன். அண்ணாச்சி, என்னென்ன செய்யணும்னு வரிசையாச் சொல்லுங்க. எழுதிக்கிடுதேன்."

எனக்கு அதில் சம்மதம் இல்லை. நானே போடுகிறேன் என்றேன். மறுபடி சொதப்பினால் இரண்டாவது சில்லு இன்னொரு முறை காப்பாற்றும் என்று யாரும் எழுதித் தரவில்லை என்று பயமுறுத்தினேன். போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். வெள்ளிக்கிழமையோடு வேலை போகும் என்றேன். "அப்பம் போட்டுப் பாத்துட்டே போவட்டும். என் கையால போவட்டும்" என்றாள். வரிசையாகச் சொன்னேன். என் கடைப் பேப்பரில் பதினாறு வரி எழுதிக்கொண்டாள். விசிறி இரையும் என்பது பன்னிரண்டாவது வரி. அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டாள்.

வியாழக்கிழமை காலை மின்வாரிய அலுவலகத்துக்குப் போன் போட்டு, அன்று தடை ஏதும் இல்லை என்று கேட்டுக்கொண்டேன். பத்து மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். செல்வி தலைவாரி, இளநீலப் புடவை கட்டியிருந்தாள். மேசையில் அந்தக் கடைப் பேப்பர். யூ.பி.எஸ். பேட்டரி முழுதாக ஏறியிருந்தது. பரீட்சைக்கு யூ.பி.எஸ். வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பார்த்தேன், கணினி அசையாமல் ஓடியது. திரும்பச் சொருகினேன்.

"ரெண்டு பேரும் வெளிய நில்லுங்க" என்றாள்.

"நான் எதுக்கு? நான் மெக்கானிக்" என்றேன்.

"நீங்களுந்தான் அண்ணாச்சி. பக்கத்துல நின்னா அத அமுக்கு, இத அமுக்குன்னு சொல்லுவிய."

அது உண்மைதான். இரண்டு பேரும் வெளியே வந்தோம். அவள் கதவை முழுக்க அடைக்காமல் ஒருச்சாய்த்து வைத்தாள். வளன் வாசல் படியில் உட்கார்ந்தான். நான் நின்றேன். தெருவில் மீன்காரி ஒருத்தி நெத்திலி, நெத்திலி என்று கூவிக்கொண்டு போனாள். தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீன்தான்.

உள்ளே விசைப்பலகையின் சத்தம் கேட்டது. நின்று நின்று, பேப்பரைப் பார்த்துப் பார்த்து அழுத்துகிறாள். பிறகு சத்தமே இல்லை. கோடு நிரம்புகிறது என்று நினைத்துக்கொண்டேன். வளன் குனிந்து இரண்டு முழங்கைகளையும் தொடையில் ஊன்றியிருந்தான்.

கணினி அணைந்து எழுகிற 'டிக்' கேட்டது. அடுத்த நொடி விசிறிகள் அலறத் தொடங்கின.

எனக்குப் பழகிய சத்தம் என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு அதை வளன் பக்கத்தில் நின்று கேட்டபோதுதான் அது எவ்வளவு பயங்கரமான சத்தம் என்று எனக்கு உறைத்தது. வளன் எழுந்துவிட்டான். கதவுக்கு ஒரு எட்டுதான். போகவில்லை. வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். நரம்பெல்லாம் புடைத்திருந்தது. கழுத்தில் வியர்வை வழிந்தது.

ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டும் போயிற்று. சத்தம் குறையவில்லை. மூன்று நிமிஷம் ஆயிற்று. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். சில சமயம் ஐந்து ஆகும் என்று நானே சொல்லியிருந்தேன், இருந்தாலும் மறுபடி பார்த்தேன்.

"ஏங்க!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

கூப்பிட்டது மெக்கானிக்கை அல்ல. சொல்லத்தான் வேண்டும், எனக்குக் கொஞ்சம் மனசு வலித்தது.

வளன் உள்ளே போனான். கதவை அவன் திறந்தே விட்டதால் நான் பார்த்தேன். செல்வி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ரொம்ப நேரமா இரையுது. கேட்டுச் சொல்லுங்க. அமத்தணுமா?"

வளன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டான். கணினிக்குப் பக்கத்தில் குனிந்து காதைக் கொடுத்தான். அப்படி எத்தனையோ தடவை அவன் நின்று பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் எரிச்சல்தான் வரும். அன்றைக்கு நான் மூச்சுக்கூட விடவில்லை.

"ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல" என்றான். "ஒரே சீராத்தான் போவுது. ரேஸ் எடுத்தா ஏறிக்கிட்டே போவும். இது வேலை செய்யுற சத்தந்தான்." இன்னும் கொஞ்சம் குனிந்து கேட்டான். "ஓடட்டும் செல்வி."

அவள் தலையாட்டினாள். இரண்டு பேரும் அசையவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் இருக்கும். விசிறி சட்டென்று தணிந்தது. வீடே அமைதியானதுபோல் இருந்தது. திரை வெளுத்து, மேல் மூலையில் பதிப்பு எண் தெரிந்தது. மூன்று. செல்வி நாற்காலியில் பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோபக்காரனுக்குக் கண்ணீரும் சீக்கிரம் வரும் போலிருக்கிறது.

பிறகு நடந்ததெல்லாம் சாதாரண வேலை. டி.பி.எம்மை அவளே இயக்கினாள். புது விண்டோஸ் ஏற மத்தியானம் ஆயிற்று. மூன்று மணிக்குக் கம்பெனிச் சோதனையில் பச்சை விழுந்தது. மூன்றேகாலுக்கு அவள் கன்டெய்னர் காகிதம் ஒன்றைத் திறந்து வேலையில் உட்கார்ந்துவிட்டாள். எங்களிடம் போய்வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. குசினியில் வளன் போட்ட தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். சீனி அதிகம்.

தெருமுனை வரை வளன் கூட வந்தான். தடைக்காலம் சனிக்கிழமையோடு முடிகிறது, ஞாயிறு காலை கடலுக்கு என்றான்.

"அந்தப் படியில நின்னேம்லா அண்ணாச்சி, கடல்ல எஞ்சின் ரேஸ் எடுத்தப்பகூட நான் அப்படிப் பயந்தது கிடையாது."

"பயம் வராதா பின்ன. ரெண்டாந்தடவையும் போயிருந்தா?"

"மெஷினு போனா போவுதுன்னுதான் நின்னேன்" என்றான் வளன். "அவ கூப்பிடாமலே இருந்துருவாளோன்னுதான் பயந்தேன்."